மாலை வகுப்பின் பதினொரு பெயர்கள்

செயிண்ட் ஈவ் சட்டக் கல்லூரி,
உப்பளம், புதுச்சேரி.
6 ஜனவரி 2025

வழக்கறிஞர் கன்னியம்மாள் அவர்களுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். கல்லூரி முத்திரையைப் பார்த்ததும் உறையைப் பிரிக்காமல் வைத்துவிடுவீர்களோ என்ற பயத்தில் முகவரியை என் கையாலேயே எழுதினேன்.

வரும் மே 19, புனித ஈவ் திருநாளன்று, நம் கல்லூரிக்கு ஐம்பது வயது நிறைகிறது. வரலாற்று மலர் ஒன்று கொண்டுவருகிறோம். முதல்வர் என்பதால் தொகுக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. எனக்கும் அதில் ஆசைதான். பழைய பதிவேடுகளில் கல்லூரிக்கு வித்திட்ட பிரெஞ்சுப் பாதிரியார் பெர் லூசியனைப் பற்றிப் படிக்கும்போது நேரம் போவதே தெரியவில்லை. அறுபத்து மூன்றில் இந்தியச் சட்டங்கள் இங்கே அமலுக்கு வந்தன. அதுவரை பிரெஞ்சு சட்டத்தையே மனப்பாடமாக வைத்திருந்த கோர்ட் குமாஸ்தாக்களும் பத்திர எழுத்தர்களும் ஒரே நாளில் ஒன்றும் தெரியாதவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒன்பது பேர் உப்பளம் கோவில் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் கூடினார்கள். சொல்லிக்கொடுக்க வந்த பெர் லூசியனுக்கும் இந்தியச் சட்டம் தெரியாது. காலையில் ஒரு அத்தியாயம் படித்து மாலையில் அதையே நடத்துவாராம். "உங்களைவிட நான் ஒன்பது மணி நேரம் மூத்தவன், அவ்வளவுதான்" என்பாராம்.

அந்தச் சாயங்காலக் கூட்டம்தான் எழுபத்தைந்தில் கல்லூரி ஆயிற்று. வேலையை விடாமல் சட்டம் படிக்கலாம் என்பதற்காகவே பிறந்த கல்லூரி இது. 1995-இல் மாலை வகுப்பு இயல்பாக நிறைவுக்கு வரும்வரை இருநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதில் படித்திருக்கிறார்கள். அந்த வகுப்பைப் பற்றி நான்கு பக்கக் கட்டுரை வேண்டும். எழுதத் தகுந்தவர் நீங்கள்தான். நானும் உங்களோடு அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

நவம்பரில் கடலூர் சாலை கோர்ட்டில் ஜெராக்ஸ் கடையருகே உங்களைப் பார்த்தேன். நான் கிட்டே வருவதற்குள் நகர்ந்துவிட்டீர்கள்.

நல்வாழ்த்துகளுடன்,
அருட்பணி அந்துவான்

---

லாஸ்பேட்டை,
17 ஜனவரி 2025
(பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்)

முதல்வர் அருட்பணி அந்துவான் அவர்களுக்கு,

பொங்கல் விடுமுறையில் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெர் லூசியன் கதை நன்றாக இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் கீழே ஒரு பொய் இருக்கிறது.

"இயல்பாக நிறைவுக்கு வந்தது."

12 ஜூன் 1995, திங்கட்கிழமை. எங்கள் மூன்றாம் ஆண்டின் முதல் நாள். நான் கடையில் டைப்பிங் வேலை முடித்து ஓடிவந்தேன். மில்லில் முதல் ஷிப்ட் முடித்தவர்கள் குளித்தும் குளிக்காமலும் வந்திருந்தார்கள். ஹால் கதவில் பூட்டுத் தொங்கியது. வாட்ச்மேன் சொன்னார்: "ஈவினிங் கிளாஸ் இனிமே கெடையாதாம்மா. பகல்ல வரச் சொல்றாங்க." பகலில் வர முடிந்தால் நாங்கள் ஏன் சாயங்காலம் வரப்போகிறோம்? ஐந்தாண்டுப் படிப்புக்கு அனுமதி வாங்க மாலை வகுப்பு இடைஞ்சலாக இருந்தது, மூடிவிட்டார்கள். இதில் இயல்பு எங்கே இருக்கிறது?

முப்பத்தெட்டுப் பேர் சார்பில் நான் உயர்நீதிமன்றத்தில் ரிட் போட்டேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. கல்லூரி ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. "எட்டு மாதங்களுக்கு முன்பே அறிவிப்பு பலகையில் ஒட்டப்பட்டது. மாணவர் செயலராகிய நான் அதை அனைவருக்கும் வாசித்துக் காட்டினேன். எவரும் ஆட்சேபிக்கவில்லை." கீழே உங்கள் கையெழுத்து. கூடவே அந்த அறிவிப்பு பலகையில் இருப்பதைக் காட்டும் ஒரு புகைப்படம். ஐந்து நிமிடத்தில் மனு தள்ளுபடி ஆனது. நீதிபதியைக் குறை சொல்ல மாட்டேன். முன்னால் இருந்த காகிதத்தை அவர் நம்பினார்.

அந்தக் கையெழுத்துக்கு மூன்று வாரம் முன்பு நீங்கள் நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "நீ கேஸ் போடு கன்னியம்மா, நான் ஒங்க பக்கம்தான்" என்றீர்கள். எங்கம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் பகல் வகுப்புக்கு மாறிக்கொண்டீர்கள். நான் பெங்களூரில் தங்கிப் படித்து முடித்தேன். என்னையும் சேர்த்து இருபத்தேழு பேர் எங்கெங்கோ போய் முடித்தார்கள். பதினொரு பேரால் முடியவில்லை.

கட்டுரை எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்த அறிவிப்பின் கதையை நீங்கள் எழுதுங்கள். போனில் கூப்பிட வேண்டாம். உங்கள் வாய்வார்த்தையை ஒருமுறை நம்பியாயிற்று. எழுத்தில் வரட்டும்.

கன்னியம்மாள்

---

உப்பளம்,
2 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய கன்னியம்மாள்,

ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போடும்போதே தெரிந்துவிட்டது, உள்ளே இருப்பது பொங்கல் வாழ்த்து அல்ல என்று.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாலை வகுப்பை மூடிய அன்றைய ரெக்டர் ஃபாதர் ஞானாதிக்கம் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பதில் சொல்ல முடியாத மனிதர்மீது குற்றம் சாட்டி ஒரு விழா மலரை எப்படி அச்சிடுவது? கையெழுத்துப் போட்டது நான்தான். அதை மறுக்கவில்லை. அறிவிப்பு பலகையில் இருந்தது. புகைப்படத்தை நீங்களே பார்த்தீர்கள்.

இதற்குமேல் என் மனச்சாட்சிக்கும் கடவுளுக்கும் இடையே உள்ளது. அதை அவரிடம் பலமுறை பேசி முடித்திருக்கிறேன். பாவமன்னிப்பும் பெற்றிருக்கிறேன். நீங்கள் நம்ப வேண்டியதில்லை, ஆனால் எனக்கு அது சாதாரண விஷயம் இல்லை.

இந்தக் கல்லூரி பின்னால் எத்தனையோ நல்லது செய்திருக்கிறது. இலவசச் சட்ட உதவி மையத்துக்கு வாரம் நாற்பது பேர் வருகிறார்கள். அந்த ஒரு வருடத்தை வைத்து ஐம்பது வருடத்தையும் எடைபோட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்துவான்

---

லாஸ்பேட்டை,
11 பிப்ரவரி 2025

அருட்பணி அந்துவான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தோடு நான் நேராகப் பாவாடை அண்ணனிடம் போனேன். உங்களுக்கு மறந்திருக்காது. ஸ்பின்னிங் பிரிவு. தலைமுடியில் பஞ்சோடு வகுப்புக்கு வருவார். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தை நமக்குப் புரியவைத்தது ஆசிரியர் இல்லை, டீக்கடையில் நின்றபடி அவர்தான். மில் மூடிய பிறகு கோர்ட்டுக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கிறார். வயது அறுபத்தொன்று. ஜூனியர் வக்கீல்கள் எழுதித் தரும் மனுவில் சட்டப்பிரிவு தப்பாக இருந்தால் சத்தமில்லாமல் மாற்றி அடித்துக் கொடுத்துவிடுகிறார். அந்தப் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

அவரிடம் கேட்டேன், "அண்ணே, நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சா? நீங்க பாத்தீங்களா?"

"எதுக்கும்மா பழசெல்லாம் நோண்டுற?" என்றார். கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "தெனம் அந்த போர்டுக்குக் கீழதான் சைக்கிள வுடுவேன். எட்டு மாசமா ஒரு காயிதம் ஒட்டியிருந்தா எனுக்குத் தெரியாமப் போவுமா?"

"இப்ப அவங்ககிட்ட கேக்கறதுன்னா ஒங்களுக்கு இன்னா வேணும்ணே?"

அவர் கை நின்றது. "ஊட்டுல அமிர்தவல்லி இன்னிக்கும் நான் ஃபெயிலாயிட்டேன்னுதான் நெனச்சிகினு இருக்கு. காலேஜே கதவ சாத்திட்டாங்கன்னு சொன்னேன். அப்பறம் கோர்ட்டுல தீர்ப்பு வந்துச்சா? 'எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிட்டாங்களாமே, அப்ப நீதான பொய் சொல்ற'ன்னு கேட்டுச்சி. நான் இன்னா பதில் சொல்றது? எனுக்கு வேற ஒண்ணும் வேணாம்மா. நான் ஃபெயிலாவலன்னு ஒரு காயிதம் போதும்."

முப்பது வருடம், ஃபாதர். கட்டிய மனைவியிடம் பொய்யன் என்று பேரெடுத்துக்கொண்டு ஒரு மனிதர் வாழ்ந்திருக்கிறார்.

உங்கள் பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனால் சாட்சியம் பற்றித் தெரியும். திறந்த நீதிமன்றத்தில் சொன்ன பொய்யைத் திரை போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்து திருத்த முடியாது. நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களே, அந்தக் கூண்டுக்குள் இருந்தவருக்கா அநியாயம் நடந்தது?

"அறிவிப்பு பலகையில் இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை நாள் இருந்தது என்று எழுதவில்லை. குறுக்கு விசாரணையில் இருபத்தெட்டு வருடம் பழகியவள் நான். சொல்லாமல் விட்ட வார்த்தைதான் முதலில் என் கண்ணில் படும்.

கன்னியம்மாள்

---

உப்பளம்,
6 மார்ச் 2025

கன்னியம்மா,

நேற்று சாம்பல் புதன். வரிசையில் வந்தவர்களின் நெற்றியில் சாம்பலிட்டு ஒவ்வொருவரிடமும் "மனம் மாறு" என்று சொன்னேன். பாதி வரிசை முடிவதற்குள் என் குரலை என்னாலேயே கேட்க முடியவில்லை.

இரண்டு நாள். அந்த அறிவிப்பு பலகையில் இரண்டு நாள் இருந்தது. அதுவும் ஆகஸ்டில், உங்கள் ரிட் மனு கல்லூரிக்கு வந்து சேர்ந்த பிறகு.

அப்போது குருப்பட்டம்கூட வாங்காத என்னை ஃபாதர் ஞானாதிக்கம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கூப்பிட்டார். "போன வருஷமே போர்டுல ஒரு அறிவிப்பு இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், பிரதர்" என்றார். அவ்வளவுதான். செய் என்று சொல்லவில்லை. நான் புரிந்துகொண்டேன். அலுவலகத் தட்டச்சுப் பொறியில் நானே அடித்தேன். 3 அக்டோபர் 1994 என்று தேதி போட்டேன். காகிதம் புதிதாகத் தெரிந்தது. மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டேன். துருப்பிடித்த ஊசிகளைத் தேடி எடுத்துக் குத்தினேன். ஸ்டூடியோக்காரரைக் கூட்டிவந்து படம் எடுக்க வைத்ததும் நான்தான். பிறகு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன். யாருக்கும் எதையும் நான் வாசித்துக் காட்டவில்லை.

உங்கள் வீட்டில் நான் சொன்னது அன்றைக்குப் பொய்யில்லை. மூன்று வாரத்தில் அதைப் பொய்யாக்கினேன்.

அடுத்த ஆண்டு என்னை ரோமுக்குத் திருச்சபைச் சட்டம் படிக்க அனுப்பினார்கள். அதற்காகத்தான் இது என்று யாரும் சொல்லவில்லை. நான் மட்டும் அந்த இரண்டையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன்.

ஏன் செய்தேன் என்று எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். கோவில் உபதேசியாரின் மகன், சபைதான் எனக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்தது, எதிர்த்துப் பேசினால் போக இடமில்லை என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். நீங்களும் மில் தொழிலாளி வீட்டில் பிறந்தவர்தான். உங்களுக்கு மட்டும் போக இடம் இருந்ததா? நீங்கள் பயப்படவில்லை. நான் பயந்தேன்.

இறந்துபோன ரெக்டரின் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று போன கடிதத்தில் எழுதினேன். காப்பாற்றியது என் பேரை.

மலரில் இது வரும். என் பெயரோடு வரும். உங்கள் கட்டுரையை அனுப்புங்கள்.

அந்துவான்

---

லாஸ்பேட்டை,
14 மார்ச் 2025

ஃபாதர்,

படித்தேன். நான்கு நாள் பதில் எழுதவில்லை. கோபத்தில் பேனா எடுத்தால் எனக்குக் கையெழுத்துக் கோணிவிடும்.

காகிதத்தை வெயிலில் காயப்போட்டேன் என்ற வரியைத் தாண்ட எனக்கு ஒரு நாள் ஆயிற்று. கையெழுத்து மட்டும்தான் போட்டிருப்பீர்கள், யாரோ நீட்டியதில் படிக்காமல் போட்டிருப்பீர்கள் என்று முப்பது வருடமாக நினைத்திருந்தேன். அந்த அளவுக்கு உங்களுக்கு இடம் கொடுத்திருந்தேன் என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

வக்கீலாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அனுப்பியது ஒப்புதல் வாக்குமூலம். அது என் பீரோவில் இருக்கிறது. அதை வைத்து நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அதற்குப் பயந்து நீங்கள் எதையும் செய்ய வேண்டாம். முதல் தடவை பயந்துதான் செய்தீர்கள்.

கட்டுரையை இணைத்திருக்கிறேன். நான்கு பக்கம். கடைசியில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. பாவாடை, இராமதாஸ், செம்மல் என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் ஒரு எழுத்தும் குறையக் கூடாது. பழைய மதிப்பெண் பதிவேடுகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். பாவாடை கேட்ட காகிதம் அதிலிருந்துதான் வரவேண்டும்.

கன்னியம்மாள்

---

உப்பளம்,
10 ஏப்ரல் 2025

கன்னியம்மா,

மலர்க் குழுக் கூட்டம் நேற்று நடந்தது. உங்கள் கட்டுரையையும் என் ஒப்புதலையும் எல்லோருக்கும் முன்பே கொடுத்திருந்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அறக்கட்டளையின் தாளாளர்தான் பேசினார். "ஃபாதர், அம்பது வருஷத்துக்கு ஒருதடவ வர்ற விழா. இதுல போயி இதையெல்லாம்..."

"இதுல இல்லன்னா வேற எதுல போடறது?" என்று கேட்டேன்.

"புக்குல நாலு பக்கம் கொறஞ்சா யாரும் கேக்க மாட்டாங்க."

"ஒருத்தங்க கேப்பாங்க. லாஸ்பேட்டையில இருக்காங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. கட்டுரையை நீக்குவதென்று முடிவெடுத்தார்கள். உடல்நலக் காரணங்களுக்காக மே 31-ஆம் தேதியோடு நான் முதல்வர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு கடிதத்தையும் அடித்து வைத்திருந்தார்கள். என் உடல்நலத்துக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் மே 31 வரை நான்தான் முதல்வர்.

நூலகத்துக்குப் பின்னால் உள்ள அறையில் பதிவேடுகள் கிடைத்தன. கரையான் ஓரத்தை மட்டும்தான் தின்றிருக்கிறது. பதினொரு பேரும் இரண்டு ஆண்டுத் தேர்வுகளிலும் தேறியிருக்கிறார்கள். சொத்துரிமைச் சட்டத்தில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் பாவாடைக்கு. எழுபத்தொன்று. உங்களுக்கு அறுபத்தெட்டு. எனக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

பதினொரு சான்றிதழ்களை நானே அடித்தேன். "இவர் எந்தத் தேர்விலும் தோல்வியடையவில்லை. முன்னறிவிப்பு இன்றிக் கல்லூரி மாலை வகுப்பை மூடியதால் இவரது படிப்பு நின்றது." முத்திரை வைத்து, அனுப்புகைப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றியாயிற்று. இந்த முறை தேதியைச் சரியாகப் போட்டிருக்கிறேன். நோட்டரி முன் புதிய பிரமாணப் பத்திரம் ஒன்றும் கொடுத்திருக்கிறேன். பிரதி இதோடு இருக்கிறது. அதை எங்கே தாக்கல் செய்வதானாலும் உங்கள் விருப்பம்.

மே 19 நிகழ்ச்சி நிரலில் முதல்வர் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. அதை மட்டும் அவர்களால் நீக்க முடியவில்லை. அந்தப் பதினொரு பேரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். பாவாடையின் மனைவியும் வரவேண்டும்.

அந்துவான்

---

லாஸ்பேட்டை,
21 மே 2025

ஃபாதர்,

மேடையிலிருந்து உங்களுக்குத் தெரியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பதினொரு பேரில் இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். ஐந்து பேர் வந்தார்கள். இறந்துபோன செம்மலுக்காக அவர் மனைவி வந்திருந்தார். நாங்கள் கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் இருந்தோம். வரலாற்று மலரைக் கொடுத்தார்கள். மாலை வகுப்பு பற்றி ஒன்றரை வரி இருந்தது. இராமதாஸ் அதைப் படித்துவிட்டு நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டார்.

நீங்கள் பெர் லூசியனில் தொடங்கியபோது எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "அந்த அறிவிப்பைத் தயாரித்தது நான்" என்றபோது எங்கள் வரிசையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வரியில் மைக் அணைந்தது. தற்செயல் என்று தாளாளர் சொன்னாராம். நீங்கள் நிறுத்தவில்லை. உங்கள் வாய் அசைவது மட்டும் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது பின்னால் இருந்த மாணவர்கள் எழுந்து மேடையை நோக்கி நடந்தார்கள். கலாட்டா என்று நினைத்து நான் பயந்தேன். அவர்கள் காதில் விழும் தூரத்துக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார்கள். பிறகு நாங்களும் போனோம்.

நீங்கள் பதினொரு பெயர்களைப் படித்தபோது பாவாடை தன் பெயருக்கு எழுந்து நின்றார். வகுப்பில் வருகை எடுக்கும்போது நிற்பதுபோல.

"சாமியாரு இன்னா சொல்றாரு?" என்று அமிர்தவல்லி என் கையைப் பிடித்துக் கேட்டார். அவருக்கு எல்லாம் கேட்டிருந்தது. வேறொருவர் வாயால் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "அண்ணன் ஃபெயிலாவலக்கா. இவங்கதான் பொய் சொல்லியிருக்காங்க" என்றேன். பாவாடை சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்ததும் அமிர்தவல்லி அதை அவர் கையிலிருந்து எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்தார். "ஒங்கிட்ட இருந்தா தொலச்சிடுவ" என்றார். பஸ் ஸ்டாப்பில் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாவாடை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சோடா வாங்கிக்கொண்டு வந்தார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். அது உண்மையாக இருக்காது. உங்கள்மேல் வழக்கும் போடப்போவதில்லை. முப்பது வருடத்துப் பழைய தீர்ப்பைக் கிளறினால் இவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆனால் என் கட்டுரையை உங்கள் பிரமாணப் பத்திரத்தோடு சேர்த்துச் சிறு புத்தகமாக நானே அச்சடிக்கக் கொடுத்துவிட்டேன். அந்தக் கல்லூரி நூலகத்தில் அதற்கு ஓர் இடம் வாங்காமல் விடமாட்டேன்.

இன்னொன்று. நேற்று பாவாடை என் அலுவலகத்துக்கு வந்தார். அரை மணி நேரம் வேறு எதையெதையோ பேசினார். கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "அந்த மூணாவது வருசத்த மட்டும் இப்ப எழுதலாமாம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

கன்னியம்மாள்

---

செஞ்சி அருகே, பங்கு இல்லம்,
9 ஜூலை 2025

கன்னியம்மா,

சபை என்னை இங்கே மாற்றிவிட்டது. சின்னக் கோவில். பூசை முடிந்ததும் ஜனங்கள் பட்டாவையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சாமியாருக்குச் சட்டம் தெரியும் என்று எப்படியோ பரவிவிட்டது. நேற்று ஒரு அம்மாள் தன் மாமியார் பேரில் இருக்கும் நிலத்துக்காக ஜெபிக்கச் சொன்னார். ஜெபித்துவிட்டு, தாசில்தாருக்கு மனுவும் எழுதிக் கொடுத்தேன்.

பாவாடையின் கேள்விக்குப் பதில் தேடி ஒரு மாதம் அலைந்தேன். பல்கலைக்கழகத்துக்கு இரண்டு முறை போனேன். மூன்றாம் ஆண்டை மட்டும் எழுத முடியாது. அந்தப் பாடத்திட்டமே இப்போது இல்லை. முதலிலிருந்து மூன்று ஆண்டும் படிக்க வேண்டும், அதுவும் பகலில். ஆனால் மூன்றாண்டுப் படிப்பில் சேர அவரிடம் பட்டம் இருக்கிறது, வயது வரம்பு எதுவும் இல்லை. புது முதல்வர் நிர்மலாதேவிக்கு எழுதியிருக்கிறேன். சாமியார் இல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவது இதுதான் முதல் தடவை. அவர் விதியைப் பார்ப்பவர். முகம் பார்த்து முடிவு செய்ய மாட்டார்.

அறுபத்தொரு வயதில் மூன்று ஆண்டு என்று பாவாடையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் திருடிய ஒரு ஆண்டுக்குப் பதிலாக அவர் மூன்று தர வேண்டியிருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்துவான்

---

லாஸ்பேட்டை,
6 ஆகஸ்ட் 2025

ஃபாதர்,

சொன்னேன். "மூணு வருசமா?" என்று கேட்டுவிட்டு அவர் விரலை மடக்கினார். "அறுவத்து நாலுல முடிச்சிடலாம்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல இருந்தது.

விண்ணப்பம் கொடுக்க நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "பேத்திக்கா அட்மிஷன்?" என்று கேட்டாள். "எனுக்குத்தான்மா" என்றார். அவள் உள்ளே போய் யாரையோ கேட்டு, அவர் வேறு யாரையோ கேட்டு, கடைசியில் எங்களை முதல்வர் அறைக்கு அனுப்பினார்கள். நிர்மலாதேவி சான்றிதழை முழுவதும் படித்தார். இரண்டாவது வரிக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது தாளாளருக்குப் பிடிக்காது" என்றார்.

"பிடிக்கணும்னு விதியில இருக்கா மேடம்?" என்று நான் கேட்டேன்.

"இல்ல" என்று சொல்லி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். நான் பையிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்து நூலகத்துக்கு என்று நீட்டினேன். அதற்கு மட்டும் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் நூலக ரசீது வந்துவிட்டது.

விழாவுக்கு வந்த மற்றவர்களிடமும் கேட்டேன். இராமதாஸ் "போதும்மா, காயிதம் வந்துச்சே" என்றார். மற்ற இரண்டு பேருக்கு முழங்கால் வலி. ஒருவர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். விடமாட்டேன். செம்மலின் மகள் கவிநிலா அடுத்த ஆண்டு சட்டம் படிக்கப்போகிறாளாம்.

பாவாடையின் டைப்பிங் கடையை யார் பார்ப்பார்கள் என்று நான் கவலைப்பட்டேன். அமிர்தவல்லிதான் இரண்டு மாதமாக டைப் கற்றுக்கொண்டிருக்கிறார். ஒற்றை விரலால்தான் அடிக்கிறார், ஆனால் தப்பில்லாமல் அடிக்கிறார்.

நேற்று வகுப்பின் முதல் நாள். காலை ஒன்பதரைக்குக் கல்லூரி வாசலில் அவர்கள் இருவரோடும் நானும் போய் நின்றேன். பாவாடைக்குப் புதுச் சட்டை, பையில் இரண்டு நோட்டு. பிள்ளைகள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டைத் தாண்டவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுப் பார்த்தார், நோட்டை எடுத்துப் பார்த்தார், மணி கேட்டார். மணி அடித்த பிறகும் நின்றார். நான் ஏதாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அமிர்தவல்லி டிபன் பாக்ஸை அவர் கையில் திணித்து, முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார்.

"போய் ஒக்காரு. இந்த வாட்டி நெஜமாவே ஃபெயிலானாலும் பரவால்ல" என்றார்.

அவர் போய் உட்கார்ந்தார்.

கன்னியம்மாள்